எஞ்சினின் உடலும் எலும்பும்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் பருவத்தில், குச்சனூர் வயல்களில் விடியுமுன்னே டிராக்டரின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் வெளியூர்ப் பேருந்துகளும் வேன்களும் ஊரை நிறைத்துவிடும். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் போடி மெட்டிலும் குமுளி மலைச் சாலையிலும் முனகிக்கொண்டே ஏறும். இவையனைத்தையும் இயக்குவது எஞ்சின். நாள்தோறும் அதன் ஓசையைக் கேட்கிறோம். ஆனால் அதனுள் நடக்கும் போராட்டத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எஞ்சினின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அளவால் குறிக்கிறோம். 75 கிலோ எடையுள்ள ஒரு நெல் மூட்டையை ஒரே வினாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றலே ஒரு குதிரைத்திறன். பந்தயக் கார்களில் ஒரு சிறிய எஞ்சினிடமிருந்து நூற்றுக்கணக்கான குதிரைத்திறனை வாங்குகிறார்கள். இது எப்படி இயலும்? பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றினால் போதுமா? போதாது. ஆற்றலைப் பெருக்கும் கருவிகளைப் பொருத்துவது எளிய வேலை. பெருகிய ஆற்றலைத் தாங்கும் உடலை அமைப்பதே அரிய வேலை. அந்த உடலைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தோழியர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளாக் என்பது யாது?

எஞ்சினின் உடல் பிளாக். சிலிண்டர்கள் எனப்படும் உருளை வடிவத் துளைகள் அதில் அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிர்விக்க வழிகள் உண்டு. எண்ணெய் ஓடவும் தனி வழிகள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதைப் பிடித்திருக்கும் கை போன்ற தண்டு, கனெக்டிங் ராடு. ராடின் மறுமுனை கிராங்க் ஷாப்ட் என்னும் வளைந்த அச்சைச் சுழற்றுகிறது. தையல் எந்திரத்தில் மிதிபலகை மேலும் கீழும் ஆட, பெரிய சக்கரம் சுழல்கிறதல்லவா? அதே தத்துவந்தான் இங்கும்.

பிளாக்கை உடல் என்றால், கிராங்க், ராடு, பிஸ்டன் மூன்றையும் எலும்புகள் எனலாம். வெளியில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இவை தெரிவதில்லை. ஆயினும் எஞ்சின் வாழ்வதும் வீழ்வதும் இவற்றால்தான்.

அழுத்தமும் இழுப்பும்

ஆற்றலைக் கூட்ட வழிகள் மூன்று. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், எஞ்சினை வேகமாகச் சுழற்றலாம், ஒவ்வொரு முறை எரியும்போதும் உண்டாகும் அழுத்தத்தைக் கூட்டலாம். முதல் வழிக்கு எல்லை விரைவில் வந்துவிடும். சிலிண்டரைக் கடையக் கடையச் சுவர் மெலிந்துபோகும். ஆகவே பெரும்பாலோர் மற்ற இரண்டு வழிகளை நாடுகின்றனர். அவ்விரண்டும் எஞ்சினை வெவ்வேறு விதமாக வருத்துகின்றன. இதை ஒரு கணக்கால் காண்போம்.

நாமறிந்த மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டு இந்தியச் சாலைக்கு வந்த இக்காரின் எஞ்சினில் சிலிண்டர்கள் மூன்று. ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 72 மில்லிமீட்டர். மூன்று சிலிண்டர்களின் கொள்ளளவையும் கூட்டினால் 796 கன சென்டிமீட்டர் வரும். கணிதப் பாடத்தில் படித்த உருளையின் கன அளவு வாய்பாட்டைக் கொண்டு தோழியர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிஸ்டனின் மேற்பரப்பு ஏறத்தாழ 37 சதுர சென்டிமீட்டர். பெட்ரோல் எரியும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் உண்டாவதாகக் கொண்டால், பிஸ்டன் மீது விழும் சுமை ஏறத்தாழ 1,800 கிலோ. அதாவது, உள்ளங்கை அகலமுள்ள பிஸ்டன் மீது 24 நெல் மூட்டைகளை ஏற்றியது போலாகும். டர்போ என்னும் காற்றடைப்பானைப் பொருத்தி அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் 48 மூட்டைகள்! இதுவே அழுத்தத்தால் வரும் துன்பம்.

இனி வேகத்தால் வரும் துன்பத்தைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் வினாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்புகிறது. ஆக, வினாடிக்கு 200 முறை ஓட்டமும் நிறுத்தமும்! கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் மேல் எல்லையில் நின்று திரும்பும்போது, அது ராடை 450 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் மேல்நோக்கி இழுக்கிறது. வேகத்தை 8,000 சுற்றாக்கினால் இழுப்பு 800 கிலோவைத் தாண்டுகிறது. வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி.

ஆகவே எஞ்சினை அமைப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?' என்பதன்று. 'அந்த ஆற்றலை அழுத்தத்தால் பெறப் போகிறேனா, வேகத்தால் பெறப் போகிறேனா?' என்பதே. அழுத்தமானால் தடித்த பிளாக்கும் வலிய பிஸ்டனும் முதன்மை பெறும். வேகமானால் எடை குறைந்த பிஸ்டனும் அறுந்துபோகாத ராடு போல்ட்டும் முதன்மை பெறும்.

வார்ப்பதும் அடிப்பதும்

உலோகத்துக்கு உருவம் தரும் முறைகளில் இரண்டை நாம் வீட்டிலேயே காணலாம். தோசைக்கல் வார்ப்பிரும்பால் ஆனது. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்தது. அரிவாள் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்துச் செய்தது. தோசைக்கல் கை தவறிக் கல் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். அரிவாளோ வளைந்தாலும் வளையுமேயன்றி எளிதில் உடையாது. இவ்வேற்றுமை ஏன்?

வார்ப்பிரும்பில் கார்பன் மிகுதி. உலோகம் ஆறும்போது அக்கார்பன் கிராபைட்டாகிச் செதில் செதிலாகப் பிரிந்து நிற்கும். இழுக்கும்போது ஒவ்வொரு செதிலின் ஓரமும் சிறு கீறல் போலாகி, அங்கிருந்து வெடிப்புத் தொடங்கும். மேலும் வார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் உள்ளே தங்கிவிடுவதும் உண்டு. ஆனால் அழுத்தத்தை வார்ப்பிரும்பு நன்றாகத் தாங்கும், அதிர்வையும் அடக்கும்.

அடித்துச் செய்யும் முறையில், எஃகை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, பெரும் சம்மட்டிகளாலும் அழுத்து எந்திரங்களாலும் அச்சுக்குள் அடித்து உருவாக்குகிறார்கள். அடிபட அடிபட உள்ளிருக்கும் வெற்றிடங்கள் மூடிக்கொள்கின்றன. உலோகத்தின் இழை உறுப்பின் வளைவை ஒட்டியே ஓடுகிறது. உண்டிவில் செய்யும் சிறுவர்கள் கிளை இரண்டாகப் பிரியும் கவட்டையைத் தேடித் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். பலகையிலும் அதே வடிவத்தை அறுத்தெடுக்கலாம். ஆனால் இழை குறுக்கே அறுபட்டிருப்பதால் இழுத்தவுடன் முறிந்துவிடும். இயற்கைக் கவட்டையில் இழை வளைந்தே வளர்ந்திருப்பதால் தாங்குகிறது. அடித்துச் செய்த கிராங்க்கின் வலிமையும் இவ்வாறே.

பிளாக்கைத் தேர்ந்தெடுத்தல்

பிளாக் சிக்கலான வடிவமுடையது. ஆகவே பெரும்பாலும் வார்த்தே செய்யப்படுகிறது. அதில் முதல் தேர்வு இரும்பா, அலுமினியமா என்பது.

இரும்பு கனமானது, ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 7.2 கிராம். அலுமினியமோ 2.7 கிராம்தான். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். ஆனால் சூட்டில் இரும்பைப் போல் இரு மடங்கு விரியும், வலிமையும் குறையும். பிஸ்டன் ரிங்குகள் உராய்வதைத் தாங்காது என்பதால் அதனுள் இரும்பு லைனர்களைச் செருகவோ, சிலிண்டர் சுவருக்குக் கடினப் பூச்சு இடவோ வேண்டும். எடை குறைவே முக்கியமான வண்டிக்கு அலுமினியம் ஏற்றது. அழுத்தம் மிகுந்து, செலவும் அடங்க வேண்டுமானால் வார்ப்பிரும்பு இன்றும் நல்ல தேர்வு. கிராபைட் செதில்களாக நில்லாமல் சிறு புழுக்கள் போலச் சுருண்டு நிற்கும் உயர்வகை வார்ப்பிரும்பும் உண்டு. அது மேலும் வலியது. பணத்துக்குக் குறைவில்லாத பந்தயக் குழுக்கள், அலுமினியக் கட்டியையே முழுமையாகக் கடைந்து பிளாக் செய்துகொள்வதும் உண்டு.

பழைமையானது என்று இரும்பை இகழ வேண்டாம். 1983ஆம் ஆண்டு பார்முலா ஒன் உலகப் பட்டத்தை பிரேசில் வீரர் நெல்சன் பிக்கே வென்றார். அவர் ஓட்டிய பிரபாம் காரில் இருந்தது பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். அதன் பிளாக், 1960களில் அந்நிறுவனம் குடும்பக் கார்களுக்காக வடிவமைத்த வார்ப்பிரும்புப் பிளாக்கின் வழிவந்தது! பின்னர் தகுதிச் சுற்றுகளில் அந்தச் சிறிய எஞ்சின் 1,000 குதிரைத்திறனுக்கும் மேல் தந்தது. சாலையில் நெடுந்தொலைவு ஓடிப் பழகிய பழைய பிளாக்குகளையே பொறியாளர்கள் முதலில் விரும்பித் தேடினர் என்பர். சூடாவதும் ஆறுவதுமாகப் பலகாலம் பட்ட உலோகத்தில், வார்ப்பின்போது தங்கிய உள் இறுக்கங்கள் தளர்ந்திருக்கும் என்பதே காரணம்.

பழைய பிளாக் வாங்குவோர் ஐந்து சோதனைகளைச் செய்தல் வேண்டும். ஒன்று, வெடிப்பு உண்டா என்று பார்த்தல். இரும்பானால் காந்தத் துகள் தூவியும், அலுமினியமானால் சாயம் பூசியும் மயிரிழை வெடிப்பையும் காணலாம். இரண்டு, சிலிண்டர் சுவரின் தடிமனை ஒலியலைக் கருவியால் அளத்தல். மூன்று, கிராங்க்கைத் தாங்கும் மூடிகள் வலியனவா, போதிய போல்ட்டுகளால் இறுகப் பிடிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல். நான்கு, கிராங்க் அமரும் இடங்கள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என அளத்தல். ஐந்து, ஹெட் அமரும் மேற்பரப்பு சமமாக உள்ளதா எனப் பார்த்தல். இவற்றுக்காகச் செலவிடும் தொகை சிறிது; அது காக்கும் தொகை பெரிது.

எலும்புகளைத் தேர்ந்தெடுத்தல்

முதலாவது கிராங்க் ஷாப்ட். சாதாரணக் கார்கள் பலவற்றில் இது வார்ப்பாகவே இருக்கும். அந்த வேலைக்கு அது போதும். ஆற்றல் பெருகும் எஞ்சினுக்கு அடித்துச் செய்த எஃகு வேண்டும். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 என்னும் எஃகு இதற்குப் புகழ்பெற்றது. கிராங்க் வளையும் மூலைகள் கூர்மையாக இல்லாமல் உருண்டு குழைந்திருக்க வேண்டும். கூர்மூலையில்தான் வெடிப்புப் பிறக்கும். பின்பு அதன் மேற்பரப்பை நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவர். சுழலும்போது ஒருபுறம் கனக்காதபடி எடையைச் சமப்படுத்துவர்.

இரண்டாவது கனெக்டிங் ராடு. மேலே சொன்ன அழுத்தத்தையும் இழுப்பையும் மாறி மாறிச் சுமப்பது இதுவே. ராடின் கீழ்முனை இரண்டு துண்டாக இருந்து, கிராங்க்கைச் சுற்றி இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்படுகிறது. எஞ்சினிலேயே மிகக் கொடிய வேலை இந்தச் சிறு போல்ட்டுகளுக்குத்தான். ஒரு போல்ட் அறுந்தால் போதும். ராடு கழன்று பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பல்லாயிரம் ரூபாய் எஞ்சின் ஒரு நொடியில் பழைய இரும்பாகிவிடும். எனவே தேர்ந்த வினைஞர்கள் கைத்திட்டத்தை நம்பாமல், இறுக்கும்போது போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதையே நுண்ணளவியால் அளக்கின்றனர். ஒரு முறை அளவுக்கு மீறி நீண்ட போல்ட்டை மறுபடி பயன்படுத்துவதில்லை.

மூன்றாவது பிஸ்டன். சிலிண்டருக்குள் எரியும் சுடரின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் அலுமினியப் பிஸ்டன் உருகுவதில்லை. அது பெறும் வெப்பத்தை ரிங்குகள் சிலிண்டர் சுவருக்குக் கடத்துகின்றன. எண்ணெயும் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறது. ஆனால் எரிபொருள் முறை தவறி வெடிக்கும்போது, பட்டறைக்காரர் 'நாக்கிங்' என்று சொல்லும் அந்தத் தட்டலில், வார்ப்புப் பிஸ்டன் விரிசல் கண்டுவிடும். அடித்துச் செய்த பிஸ்டன் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

அவற்றிலும் இருவகை உண்டு. 4032 என்னும் உலோகக் கலவையில் சிலிக்கன் ஏறத்தாழ 12 விழுக்காடு. அது சூட்டில் குறைவாகவே விரிவதால், சிலிண்டரோடு நெருங்கிப் பொருத்தலாம். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அது ஏற்றது. 2618 என்னும் கலவையில் சிலிக்கன் மிகக் குறைவு. அது இன்னும் உறுதி மிக்கது. ஆனால் மிகுதியாக விரியும் என்பதால் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 'கடகட' என்று ஓசை எழும். கடும் அழுத்தம் தாங்கும் பந்தய எஞ்சினுக்கே அது ஏற்றது. வலியது எல்லோர்க்கும் நல்லது என்பதில்லை; வேலைக்கு ஏற்றதே நல்லது.

ரிங்குகளின் இரு முனைகளுக்கு இடையேயும் சிறு இடைவெளி விட வேண்டும். டர்போ எஞ்சினில் வெப்பம் மிகுதி என்பதால் அவ்விடைவெளி இன்னும் சற்றுக் கூடுதலாதல் வேண்டும். இல்லையேல் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும். தாளின் தடிமன் அளவுள்ள பிழை எஞ்சினையே கொன்றுவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

கோவை காட்டிய வழி

நம் தமிழ்நாட்டில் இக்கலை புதிதன்று. பஞ்சாலைகளும் பம்புத் தொழிலும் வார்ப்பாலைகளும் வளர்ந்த கோயம்புத்தூரில் எந்திர அறிவு ஊறிப்போயிருந்தது. 1937இல் ஜி. டி. நாயுடு அவர்கள் மின் மோட்டார் உருவாக்கியதும் அங்கேதான். அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அவர்கள், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் புகழ்பெற்ற வீரர். காரை வடிவமைக்கவும் வல்லவர்.

அவர் எண்ணியிருந்தால், அயல்நாட்டு உறுப்புகளைத் தருவித்துப் பெரும் ஆற்றல் வாய்ந்த கார்களை மட்டுமே செய்துகொண்டு போயிருக்கலாம். ஆனால் 1988ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கித் தந்தது 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். அதன் எஞ்சின் நாம் மேலே கணக்கிட்ட அதே 796 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சின். குடும்பக் காரில் அது தந்தது 40க்கும் குறைவான குதிரைத்திறனே. எல்லா ஊரிலும் கிடைக்கும் எஞ்சின், குறைந்த எடையுள்ள உடல், இளைஞர் பலரும் பழகக்கூடிய செலவு என்பதே அதன் சிறப்பு. எஞ்சின் தாங்கும் அளவை அறிந்து, அதற்கேற்ற காரைச் சுற்றி அமைத்த அறிவு அது.

அவ்வகைக் காரில் தம் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் காரோட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். கரிவரதன் அவர்கள் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெற்றோர் கவனத்திற்கு

இக்கலையைப் பற்றி இங்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் அண்ணன் தம்பியர் சிலர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கடைந்து பெரிதாக்கியும், ஓசை மிகுந்த குழாய் பொருத்தியும் மலைச் சாலையில் விரைகின்றனர். உள் உறுப்புகள் பழையனவாகவே இருக்க, ஆற்றலை மட்டும் கூட்டினால் நேர்வது என்ன? சூடேறிய பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, 'எஞ்சின் சீஸ்' ஆகும். பின்சக்கரம் திடீரென நின்றுபோகும். மெட்டுச் சாலையின் வளைவில் இது நேர்ந்தால், உடைவது எஞ்சின் மட்டுமன்று.

வண்டியின் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக அதை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. வேகத்துக்கு உரிய இடம் பந்தயத் தடம். ஆர்வமுள்ள இளைஞரை ஏசுவதைவிட, 'தம்பி, ராடு போல்ட் தாங்குமா என்று பார்த்தாயா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது அவரைச் சிந்திக்க வைக்கும்.

நமக்கும் உரியது

'எஞ்சின் விஷயம் ஆண்களுக்கு, நமக்கேன்?' என்று எந்தத் தோழியும் எண்ண வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண்மணி, 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, குப்புறப் பாயும் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின் திணறி நின்ற குறையை, துளையிட்ட ஒரு சிறு உலோகத் தகட்டைக் கொண்டு தணித்தார். அளவும் நிதானமும் பொறுமையும் வேண்டிய இவ்வேலைக்குப் பெண்கள் எவ்விதத்திலும் குறைந்தவரல்லர். உருளையின் கன அளவைக் கணக்கிடத் தெரிந்த ஒவ்வொருவரும் இக்கலையின் வாயிலில் நிற்கிறோம் என்றே சொல்வேன்.

தோழியரே! பந்தயத்தில் கைதட்டு வாங்குவது வேகம். அந்த வேகத்தைத் தாங்குவதோ, எவர் கண்ணுக்கும் படாமல் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் ராடும் போல்ட்டும். அடிபட்டு உருவான உறுப்பே சோதனையில் நிற்கிறது. மறைவான இடத்தில் செய்த நேர்மையான வேலையே மலையேற்றத்தில் கைகொடுக்கிறது. முதலில் தாங்கும் வலிமை, பிறகு ஆற்றல் என்னும் இவ்வரிசையை எஞ்சின் அமைப்போர் மறப்பதில்லை. படிப்பிலும் வாழ்விலும் நாமும் அதை மறவாதிருப்போமாக!